கல்கத்தா குளத்தில் காலராவைத் தேடியவர்: ராபர்ட் கோக்கின் கதை, திருவனந்தபுரத்தில் இருக்கும் உங்களுக்கு ஏன் முக்கியம்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழக்கூட்டத்தில் வேலையை முடித்துவிட்டு, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு ஓடிவந்து நாகர்கோவில் ரயிலைப் பிடிக்கிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் நீங்கள் நிற்கும் நடைமேடைக்குக் கீழே ஒரு கால்வாய் ஓடுவது தெரிந்திருக்கும். ஆமையிழஞ்சான் தோடு. 2024 ஜூலை 13 அன்று, ரயில் நிலையத்துக்கு அடியில் சேர்ந்து கிடந்த குப்பையை அள்ள இறங்கிய ஒரு தூய்மைப் பணியாளர் அதில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது.

அதே மாதம், அதே ரயில் பாதையில் அரை மணி நேரத் தொலைவில் உள்ள நெய்யாற்றின்கரையில் இன்னொரு செய்தி. அங்கே ஒரு காப்பகத்தில் தங்கியிருந்த சிறுவனுக்குக் காலரா உறுதியானது. அந்தக் காப்பகத்தில் வசித்த இளைஞர் ஒருவர் அதற்குச் சில நாள் முன்பே வயிற்றுப்போக்கால் இறந்திருந்தார். அடுத்த வருடம் ஏப்ரலில் திருவனந்தபுரம் நகருக்குள்ளேயே ஒருவர் காலராவால் இறந்தார்.

காலராவா, இந்தக் காலத்திலா என்று கேட்கத் தோன்றும். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கு. ஒருவர் படுத்த படுக்கையாகி, மருத்துவமனைக்கு வந்து, பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் நமக்குத் தெரிய வேண்டுமா? அதற்கு முன்பே ஊரின் தண்ணீர் நமக்குச் சொல்லாதா?

சொல்லும் என்று 140 வருடத்துக்கு முன்பே இந்தியாவில் வைத்தே காட்டிவிட்டார் ஒரு ஜெர்மன் மருத்துவர். பள்ளிப் புத்தகத்தில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவர் என்று ஒரே வரியில் படித்த ராபர்ட் கோக்தான் அவர்.

சுரங்க ஊரில் பிறந்த டாக்டர்

கோக் பிறந்தது 1843 டிசம்பர் 11. ஊர் ஜெர்மனியின் கிளவுஸ்தால், மலைப்பகுதிச் சுரங்க நகரம். அப்பா சுரங்க அதிகாரி. வீடு நிறையப் பிள்ளைகள். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1866-ல் பட்டம் வாங்கினார். அந்த வருடமே ஹாம்பர்க் மருத்துவமனையில் வேலை. அங்கே அப்போது காலரா பரவிக்கொண்டிருந்தது. காலராவை அவர் முதலில் நேருக்கு நேர் பார்த்தது அங்கேதான். ஹாம்பர்க் என்ற ஊர்ப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அது இந்தக் கதையில் இரண்டு முறை திரும்பி வரும்.

1872-ல் வோல்ஸ்டைன் என்ற சிறிய ஊரில் மாவட்ட மருத்துவர் ஆனார். பல்கலைக்கழகம் கிடையாது, ஆய்வகம் கிடையாது. நோயாளிகளைப் பார்க்கும் அறையில் பாதியைத் திரை போட்டு மறைத்து, ஒரு நுண்ணோக்கியை வைத்து வேலையைத் தொடங்கினார். நுண்ணோக்கி மனைவி எம்மி தந்த பரிசு என்று சொல்வார்கள். ஆடு மாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க்கு ஒரு குறிப்பிட்ட கிருமிதான் காரணம் என்றும், அது வித்துகளாக மாறி மண்ணில் பல காலம் உயிரோடு கிடக்கும் என்றும் 1876-ல் அங்கிருந்தபடியே நிரூபித்தார். ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்ற எண்ணம் உறுதிபெற்றது அந்த வேலையில்தான்.

1880-ல் பெர்லினில் அரசு சுகாதார அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. அங்கே அவர் செய்த பெரிய காரியம், கிருமிகளைத் தனித்தனியாகப் பிரித்து வளர்க்க ஒரு வழி கண்டது. திரவத்தில் வளர்த்தால் எல்லாக் கிருமியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கெட்டியான ஜெலட்டின் தட்டில் வளர்த்தால் ஒவ்வொரு கிருமியும் தன் இடத்திலேயே பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை எண்ணலாம். இந்த 'எண்ணலாம்' என்பதுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ஜெலட்டினில் ஒரு தொல்லை உண்டு, கொஞ்சம் வெயில் ஏறினாலே உருகிவிடும். அதற்கு மாற்றுச் சொன்னவர் அவரது ஆய்வகத்தில் வேலை செய்த ஒருவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. சமையலறையில் ஜெல்லிக்குப் போடும் அகர் அகரைப் போட்டுப் பாருங்கள் என்றார். நோன்புக் காலத்தில் பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் வருமே, அதே கடல்பாசிதான். உலகம் முழுக்க ஆய்வகங்களில் இன்றும் அதுதான். ஆனால் கோக் தன் கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டாரே தவிர அந்தப் பெண்மணியின் பெயரைக் குறிப்பிடவில்லை.

1882 மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியை அறிவித்தார். ஒரே நாளில் உலகப் புகழ். அடுத்த வருடம் எகிப்தில் காலரா வெடித்தது.

கல்கத்தாவுக்கு ஏன் வந்தார்?

1883 ஆகஸ்டில் ஜெர்மன் அரசு கோக் தலைமையில் ஒரு குழுவை அலெக்சாண்ட்ரியாவுக்கு அனுப்பியது. பிரான்சிலிருந்து லூயி பாஸ்டரின் சீடர்களும் வந்திருந்தார்கள். இரண்டு நாட்டுக்கும் பழைய போர்ப் பகை. பாஸ்டருக்கும் கோக்குக்கும் தனிப் பகை. பிரெஞ்சுக் குழுவில் இருந்த லூயி துயிலியே என்ற இளைஞருக்குக் காலரா தொற்றி, செப்டம்பரில் இறந்துபோனார். சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் கோக்கும் ஒருவர்.

இறந்தவர்களின் குடலில் ஒரே மாதிரியான ஒரு கிருமியை கோக் பார்த்தார். ஆனால் அதற்குள் எகிப்தில் நோய் அடங்கிவிட்டது. ஊருக்குத் திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை. காலரா வருடம் முழுக்க நிற்காத இடத்துக்குப் போக வேண்டும் என்று அனுமதி கேட்டார். 1883 டிசம்பர் 11, தன் 40-வது பிறந்த நாளன்று கல்கத்தா வந்து சேர்ந்தார்.

சியால்தாவில் ஒரு மருத்துவமனையில் இடம் கொடுத்தார்கள். காலரா நோயாளிக்கு வயிற்றிலிருந்து போவது கஞ்சித் தண்ணி மாதிரி இருக்கும். அதை எடுத்துத் தட்டில் பூசினால் அதே கிருமி. இறந்தவர்களின் குடலிலும் அதே கிருமி. மற்ற நோயில் இறந்தவர்களிடம் இல்லை. 1884 ஜனவரியில் அதைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். காற்புள்ளி மாதிரி வளைந்த வடிவம். ஈரத்தில் வேகமாகப் பெருகும், காய்ந்தால் செத்துவிடும் என்பதையும் கவனித்தார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதே கிருமியை 1854-லேயே இத்தாலியில் பிலிப்போ பச்சீனி நுண்ணோக்கியில் பார்த்து எழுதியிருந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அதே 1854-ல் லண்டனில் ஜான் ஸ்னோ, கிருமியைப் பார்க்காமலே, இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, ஒரு தெருக் குழாயின் தண்ணீர்தான் காரணம் என்று காட்டினார். ஸ்னோவிடம் தண்ணீர் இருந்தது, கிருமி இல்லை. பச்சீனியிடம் கிருமி இருந்தது, தண்ணீர் இல்லை. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் வாய்ப்பு கோக்குக்குக் கல்கத்தாவில் கிடைத்தது.

அந்தக் குளத்தில் என்ன நடந்தது?

கல்கத்தாவின் ஓரத்தில் பெலியாகட்டா பகுதி. அங்கே சாஹேப் பாகான் என்ற குடிசைப் பகுதி. நடுவில் ஒரு குளம், சுற்றிலும் சில நூறு பேர். அந்த ஒரே குளத்தில்தான் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள். குடிக்கவும் அதே தண்ணீர். கழிப்பிடக் கழிவும் அதில்தான் கசிந்து சேரும். அந்த இடத்தில் அடுத்தடுத்துக் காலரா வந்து 17 பேர் இறந்தார்கள்.

கோக்கின் குழு குளத்துத் தண்ணீரை எடுத்துத் தட்டில் வளர்த்துப் பார்த்தது. அதே வளைந்த கிருமி கிடைத்தது. முதலில் இறந்தவரின் துணிகளை அந்தக் குளத்தில்தான் அலசினார்கள் என்று விசாரணையில் தெரிய வந்தது.

இத்தோடு அவர் நிறுத்தவில்லை. நாட்கள் கழித்துத் திரும்பவும் தண்ணீர் எடுத்தார். தொடக்கத்தில் குளத்தின் பல இடங்களில் கிருமி நிறைய இருந்தது. நோய் அடங்க அடங்க அதுவும் குறைந்தது. கடைசியில் மிக மோசமாக அழுக்கான ஓர் இடத்தில் மட்டும், அதுவும் கொஞ்சமாக.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? ஒரு சமூகம் பயன்படுத்தி விட்ட தண்ணீரில் ஒரு நோய்க்கிருமியைத் தேடி, அது கூடுவதையும் குறைவதையும் மனிதர்களிடையே நோய் கூடுவதோடும் குறைவதோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். இன்று கழிவுநீர்க் கண்காணிப்பு என்ற பெயரில் உலகம் முழுக்க நடப்பதன் அடிப்படை இதுதான். கருவி மாறிவிட்டது, கேள்வி மாறவில்லை.

நகரத்தின் இன்னொரு பகுதியையும் அவர் பார்த்தார். பால்டாவில் ஹூக்ளி நதி நீரை வடிகட்டிக் குழாய் வழியாக அனுப்பும் ஏற்பாடு அப்போதே 10 வருடத்துக்கு மேலாக நடந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் போன பகுதிகளில் காலரா சாவு குறைந்திருந்தது. குளத்தை நம்பியிருந்தவர்களுக்குத்தான் விடிவில்லை. மார்ச்சில் கல்கத்தா வெயில் ஏறியது, வேலை முடிந்தது, ஊர் திரும்பினார். பெர்லினில் அரசு 1,00,000 மார்க் பரிசு கொடுத்து வரவேற்றது.

ஆதாரம் இருந்தும் ஏன் ஏற்கவில்லை?

இந்தியாவை ஆண்டவர்கள் ஏற்கவில்லை. காரணம் வெறும் அறிவியல் மட்டும் இல்லை. சூயஸ் கால்வாய் வழியாகப் போகும் கப்பல்களில் பெரும்பகுதி பிரிட்டிஷ் கப்பல்கள். காலரா ஒருவரிடமிருந்து தண்ணீர் வழியாக இன்னொருவருக்குப் போகும், கப்பலில் ஊர் விட்டு ஊர் போகும் என்று ஒப்புக்கொண்டால், இந்தியாவிலிருந்து வரும் கப்பலைத் துறைமுகத்தில் நாட்கணக்கில் நிறுத்தி வைப்பார்கள். வியாபாரம் படுத்துவிடும். இந்திய அரசின் சுகாதார ஆணையராக இருந்த ஜே.எம். கன்னிங்ஹாம், காலரா தொற்றுநோயே இல்லை, மண்ணும் காற்றும் பருவமும்தான் காரணம் என்ற கட்சி.

கோக் போன சில மாதத்தில் பிரிட்டன் தன் சொந்தக் குழுவைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. கிளைன், கிப்ஸ் என்ற இரு மருத்துவர்கள். அவர்கள் ஒரு குளத்தைக் காட்டி, இதிலும் இந்தக் கிருமி இருக்கிறது, இந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்குக் காலரா வரவில்லை, ஆகவே இது காரணம் இல்லை என்றார்கள்.

இந்த வாதத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். இது உண்மையான கேள்வி. இன்றும் கழிவுநீரில் ஒரு கிருமி தென்பட்டது என்று செய்தி வந்தால் இதே குழப்பம் வரும். அதற்கான பதில் மெதுவாகத்தான் கிடைத்தது. வளைந்த கிருமிகளில் பல வகை உண்டு, எல்லாம் காலரா தராது. ஒருவர் எவ்வளவு கிருமியை விழுங்கினார் என்பது முக்கியம். உடலில் ஏற்கெனவே எதிர்ப்பு இருக்கிறதா என்பதும் முக்கியம். குடலில் இறங்கிய கிருமி வெளியிடும் நச்சுதான் உடம்பின் நீரையெல்லாம் வெளியே இழுக்கிறது. இந்தக் கடைசி உண்மையை 1959-ல் நிரூபித்தவர் அதே கல்கத்தாவில் எளிய ஆய்வகத்தில் வேலை செய்த சம்பு நாத் தே. கோக் விட்ட இடத்தைப் பூர்த்தி செய்தவர் ஓர் இந்தியர் என்பது பாடப் புத்தகத்தில் பெரிதாக வராது.

ஆக, ஒரு மாதிரியில் கிருமி இருக்கிறதா இல்லையா என்பது பாதித் தகவல்தான். போன வாரத்தைவிடக் கூடியிருக்கிறதா, எந்தப் பகுதியில் கூடுகிறது என்பதுதான் முடிவெடுக்க உதவும். கோக் குளத்துக்குத் திரும்பத் திரும்பப் போனது அதனால்தான் பயன்பட்டது.

திரும்பவும் ஹாம்பர்க்

1892 ஆகஸ்டில் ஹாம்பர்க்கில் காலரா. பணக்காரத் துறைமுக நகரம். எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமலே குழாயில் விட்டுக்கொண்டிருந்தது. வடிகட்டும் நிலையம் கட்டும் பேச்சு பல வருடமாக நடந்தது. செலவு கணக்குப் பார்த்தே காலம் போனது. நோய் வந்ததையும், துறைமுக வியாபாரத்தை நினைத்து, தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டார்கள். சில வாரங்களில் 8,600 பேருக்கு மேல் இறந்தார்கள்.

பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு ஆல்டோனா என்ற நகரம். அது ஆற்றில் ஹாம்பர்க்குக்குக் கீழே இருக்கிறது. அதாவது ஹாம்பர்க்கின் சாக்கடை ஆற்றில் கலந்த பிறகு வரும் தண்ணீரைத்தான் ஆல்டோனா எடுத்தது. நியாயமாகப் பார்த்தால் அங்கேதான் அதிகம் பேர் செத்திருக்க வேண்டும். ஆனால் ஆல்டோனா அந்தத் தண்ணீரை மணல் படுகையில் மெதுவாக வடிகட்டி அனுப்பியது. இரண்டு ஊருக்கும் எல்லையாக இருந்த தெருவில் ஒரு பக்கம் காலரா, எதிர்ப் பக்கம் இல்லை. மண் ஒன்று, காற்று ஒன்று, தண்ணீர் மட்டும் வேறு.

அரசு அனுப்பி ஹாம்பர்க் போயிருந்த கோக் இதை விரிவாக எழுதினார். மண்ணும் காற்றும் என்று வாதாடி வந்த மியூனிக் பேராசிரியர் பெட்டன்கோஃபர் விடவில்லை. அந்த அக்டோபரில் காலராக் கிருமி கலந்த திரவத்தை வாங்கிக் குடித்தே காட்டினார். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பித்தார். ஆனால் அவர் பேச்சை நம்பி ஆட்சி செய்த நகரங்கள் அதற்குப் பிறகு குறைந்துவிட்டன.

இதிலிருந்து கோக் எடுத்த முடிவு நடைமுறை சார்ந்தது. வடிகட்டி வைத்தால் போதாது, ஒவ்வொரு மணல் படுகையிலிருந்தும் வெளிவரும் தண்ணீரைத் தினமும் சோதிக்க வேண்டும். ஒரு கன சென்டிமீட்டரில் 100 கிருமிக்கு மேல் இருந்தால் அதை ஊருக்குள் விடக்கூடாது. நோய் வரும் வரை காத்திருக்காமல் தண்ணீரில் எண்ணிப் பார்த்து முடிவெடுப்பது இப்படித்தான் அன்றாட வேலையாக மாறியது.

நோயே இல்லாமல் நோயைச் சுமப்பவர்கள்

ஹாம்பர்க் காலத்தில் இன்னொன்றும் தெரிய வந்தது. எந்த அறிகுறியும் இல்லாத, நன்றாக நடமாடும் சிலரின் மலத்திலும் காலராக் கிருமி இருந்தது. 1902 முதல் ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் டைஃபாய்டை ஒழிக்க கோக் தொடங்கிய பெரிய திட்டத்தில் இது இன்னும் தெளிவானது. படுத்தவர்களை மட்டும் தேடினால் போதாது, சுற்றி இருப்பவர்களையும் சோதிக்க வேண்டும் என்று வீடு வீடாக ஆட்களை அனுப்பினார்.

இங்கேதான் கழிவுநீரின் பலம் புரியும். மருத்துவமனைக்கு வருபவர்கள் கொஞ்சம் பேர். மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. ஒன்றுமே தெரியாமல் இருப்பவர்கள் அதைவிட நிறைய. ஆனால் எல்லோரும் கழிப்பறைக்குப் போவார்கள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டாமலே ஒரு வட்டாரத்தின் நிலவரத்தை ஒரு குடுவைத் தண்ணீர் சொல்லிவிடும். யாருடைய பெயரும் அதில் இருக்காது.

போலியோ இதற்குச் சரியான உதாரணம். போலியோ தொற்றும் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் முடங்கும். ஒரு குழந்தை முடங்கியதைப் பார்த்து நடவடிக்கை எடுத்தால், அதற்குள் நூற்றுக்கணக்கானவர்களிடம் போயிருக்கும். அதனால்தான் இந்தியா 2001-லேயே மும்பைச் சாக்கடை நீரில் போலியோ வைரஸைத் தேடத் தொடங்கி, பிறகு டெல்லி, பாட்னா, கொல்கத்தா என்று விரிவாக்கியது. 2014-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்த பிறகும் அது நிற்கவில்லை. 2016-ல் ஹைதராபாத் கழிவுநீரில் தடுப்பு மருந்திலிருந்து உருமாறிய போலியோ வைரஸ் தென்பட்டது. ஒரு குழந்தைகூட நோய்வாய்ப்படும் முன்பே, ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகளுக்கு ஊசி போட்டு முடித்தார்கள்.

கோவிட் வந்தபோது இதே வழி கைகொடுத்தது. 2020-ல் நெதர்லாந்தின் அமர்ஸ்ஃபோர்ட்டில், அந்த ஊரில் முதல் நோயாளி அறிவிக்கப்படும் முன்பே கழிவுநீரில் வைரஸின் மரபுப் பொருள் தெரிந்தது. அந்த வருடம் மே மாதம் எடுத்த அகமதாபாத் மாதிரிகளில் ஐஐடி காந்திநகர் குழுவும் கண்டது.

கோக் சறுக்கிய இடங்கள்

இவரைத் தெய்வமாக்க வேண்டாம். 1890-ல் காசநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். டியூபர்குலின் என்று பெயர். எதனால் ஆனது என்று முதலில் சொல்லவில்லை, ரகசியம். ஐரோப்பா முழுவதிலுமிருந்து நோயாளிகள் பெர்லினுக்கு ஓடினார்கள். பார்க்க வந்தவர்களில் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய டாக்டர் ஆர்தர் கோனன் டாயிலும் உண்டு. அவர் சந்தேகத்தோடுதான் திரும்பினார். மருந்து வேலை செய்யவில்லை. ஊசி போட்டவர்களில் சிலருக்கு நோய் மோசமானது, சிலர் இறந்தார்கள். கல்கத்தா குளத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் எண்ணிப் பார்த்த அதே மனிதர், தன் மருந்து விஷயத்தில் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை. அந்த மருந்திலிருந்து பிறந்த ஒன்று மட்டும் பிழைத்தது. காசநோய்த் தொற்று இருக்கிறதா என்று கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளப்பார்களே, அந்த மான்டூ சோதனை.

1906-07-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் தூக்க நோய்க்கு ஆர்செனிக் கலந்த ஒரு மருந்தை அதிக அளவில் கொடுத்தார். சிலருக்குப் பார்வையே போனது. நோயாளிகளை முகாம்களில் அடைத்து வைக்கும் திட்டத்தையும் பரிந்துரைத்தார். காலனி ஆட்சியில் அந்த மக்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று ஜெர்மனியிலேயே இதைப் பற்றி வெளிப்படையாக விவாதிக்கிறார்கள்.

1905-ல் காசநோய் ஆய்வுக்காக நோபல் பரிசு. 1910 மே 27 அன்று பாடன்-பாடனில் இதய நோயால் இறந்தார். அவரது சாம்பல் பெர்லினில் அவர் பெயரிலான நிறுவனத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. இன்று ஜெர்மனியின் கழிவுநீர்க் கண்காணிப்பை நடத்துவதில் அந்த நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு. 2024-ன் இறுதியில் மியூனிக், பான், கொலோன் நகரங்களின் சாக்கடை நீரில் தடுப்பு மருந்திலிருந்து உருமாறிய போலியோ வைரஸ் தென்பட்டது. பட்டியலில் இன்னொரு ஊரும் இருந்தது. ஆமாம், ஹாம்பர்க். யாருக்கும் நோய் வரவில்லை. குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைச் சரிபாருங்கள் என்று பெற்றோருக்குச் சொன்னார்கள்.

சரி, திருவனந்தபுரத்தில் என்ன செய்யலாம்?

முட்டத்தறையில் ஒரு நாளைக்கு 10.7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கக்கூடிய நிலையம் இருக்கிறது. நகரின் பாதாளச் சாக்கடைக் குழாய்கள் அங்கே போய்ச் சேர்கின்றன. மாதிரி எடுக்க இதைவிட வசதியான இடம் இல்லை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், செறிவாக்கி, பிசிஆர் சோதனையில் எந்தக் கிருமியின் மரபுப் பொருள் எவ்வளவு என்று பார்க்கலாம். கோவிட் காலத்தில் பிசிஆர் என்ற சொல் நம் பாட்டிகளுக்கே பழகிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், எல்லா வீடும் அந்தக் குழாயில் இணைந்திருக்கவில்லை. பல வீடுகளில் செப்டிக் டேங்க்தான். நிறைந்தால் லாரி வரும். நெய்யாற்றின்கரை மாதிரி வெளியூர்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு, பக்கத்தில் ஒரு கழிவுக் குழி. முட்டத்தறையில் மட்டும் சோதித்தால் இவர்கள் எண்ணிக்கையில் வரவே மாட்டார்கள். கல்கத்தாவில் குழாய் நீர் போகாத பகுதியில்தான் காலரா தங்கியிருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. அதனால் தோடுகள், கழிவு லாரிகள் வந்து கொட்டும் இடங்கள், விடுதிகளும் காப்பகங்களும் இருக்கும் தெருக்களின் வடிகால்கள் ஆகியவற்றிலும் மாதிரி எடுத்தால்தான் முழுப் படம் கிடைக்கும். இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஒரு சிறிய விடுதியின் வடிகாலில் கிருமி கிடைத்தால், அங்கே தங்கியிருப்பவர்களை ஊர் ஒதுக்கக்கூடும். கண்டுபிடிப்பது சிகிச்சைக்கும் சுத்தமான தண்ணீருக்கும் வழி செய்வதற்காகத்தான்.

உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியதும் இருக்கு. கேரளாவில் வாடகை வீடு பார்க்கும்போது வாடகை, வைஃபை எல்லாம் விசாரிப்போம். கிணறு எங்கே, செப்டிக் டேங்க் எங்கே என்று கேட்க மாட்டோம். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 7.5 மீட்டர் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள கட்டட விதி. கேட்டுப் பாருங்கள். ஓட்டலில் பதிமுகம் போட்ட இளஞ்சிவப்புத் தண்ணீர் வைப்பார்கள். நல்ல பழக்கம்தான், ஆனா கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆற்றிக் கொடுத்தால் கொதிக்க வைத்ததே வீண். வயிற்றுப்போக்கு கஞ்சித் தண்ணி மாதிரி நிற்காமல் போனால், உப்பு சர்க்கரைக் கரைசலைக் குடித்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மலப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கணக்கில் வராத ஒரு நோயாளியால்தான் அடுத்தவருக்குப் போகிறது.

வார்டு கவுன்சிலரிடமோ குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலோ கேட்க மூன்று கேள்விகள். நம் பகுதிக் கழிவுநீரில் நோய்க்கிருமிச் சோதனை நடக்கிறதா? எத்தனை நாளுக்கு ஒரு முறை? முடிவு எங்கே வெளியாகிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இருந்தால்தான் முதல் இரண்டுக்கும் பயன். ஹாம்பர்க்கில் நோய் வந்தது அதிகாரிகளுக்குத் தெரிந்தே இருந்தது. ஊருக்குத்தான் நாள் கழித்துச் சொன்னார்கள்.